லாபத்தில் தொடங்கும் பாட்டு

எங்கள் வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனாலும், அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடியும் எங்கள் வீட்டுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது என் அத்தையின் வேலை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தாவும் பாட்டியும் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர்தான். குரல்கள் மட்டும் நாற்பது பேருக்கு இருந்தன. பால்காரர், அப்பாவின் பார்சல் ஆபீஸ் அதிகாரி, என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எல்லாரும் அத்தையின் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். அவர்களைப் பேச வைப்பதோடு அத்தை விட்டால் பரவாயில்லை. பாடவும் வைப்பாள். கரண்டு பில் கணக்கெடுக்க வருகிறவர் காதல் தோல்வியில் பாடினால் எப்படி இருக்கும், என் தலைமையாசிரியை தாலாட்டுப் பாடினால் குழந்தை தூங்குமா என்று கேட்டுவிட்டு, தானே பாடியும் காட்டுவாள். அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பில் குழம்பைத் தீயவிட்டிருக்கிறாள்.

அத்தைக்குக் குரல் பிடிப்பதில் ஒரு முறை இருந்தது. காதால் கேட்பது மட்டும் போதாது, ஆளைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பாள். "கொரலு தொண்டையில இல்லடீ. மூச்சு எங்க நிக்குது, எங்க போவுதுன்னு பாரு. மூச்சைப் புடிச்சிட்டா கொரலு தானா வந்துரும்." அம்மா கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினால், கறிவேப்பிலைக்காரியின் குரலோடு வந்து நிற்பாள். கறிவேப்பிலை வந்திருக்காது.

இந்த வித்தை மேடையேறியது தற்செயலாகத்தான். எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் அத்தை ஏற்கெனவே பெண் குரல் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிராமமான காணையில் ஒரு கோயில் விழாவில் ஆண் குரல் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அத்தை ஒரு துண்டை எடுத்து ஒரு பக்கத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு குரலையும் தானே பாடினாள். துண்டு இருக்கும் பக்கம் திரும்பினால் ஆண், மறுபக்கம் திரும்பினால் பெண். ஜனங்கள் விசில் அடித்த அடியில் தொண்டை கட்டியவர் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வருத்தப்பட்டாராம். அன்றிலிருந்து நோட்டீஸில் 'பலகுரல் பைங்கிளி' என்று தனியாகப் போட ஆரம்பித்தார்கள். பெயரைப் போடக் கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை. இன்னொரு நிபந்தனை, எந்தக் கச்சேரிக்கும் அப்பா கூடப் போவார். தபேலாக்காரருக்குப் பின்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிரிப்பு வரும் இடங்களில் மட்டும் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவு தரம் துடைக்க அங்கே ஒன்றும் இருக்காது.

அத்தையின் உருப்படிகளில் பேர்போனது மல்லாட்டைப் பாட்டு. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். திண்டிவனம் மண்டிகளில் அதை அளக்கிறவர் ஒன்று என்று எண்ணத் தொடங்கமாட்டார். 'லாபம்' என்றுதான் முதல் அளவைப் போடுவார். அப்புறம் ரெண்டு, மூணு. அத்தை ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மண்டி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அளவுக்காரர் ஒரு சங்கீத வித்வானாக இருந்தால்? அதுதான் பாட்டு. லாபத்தில் தொடங்கி ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிக்கொண்டு போவார் வித்வான். எட்டில் போய் நின்றுகொண்டு ஒரு நீண்ட ஆலாபனை. மல்லாட்டை கொண்டுவந்த விவசாயி, அதுவும் அத்தைதான், "ஐயா, ஜல்தி அளங்க, பஸ்ஸு போயிடும்" என்று கெஞ்சுவார். வித்வான் கண்ணைத் திறந்து, ஏழு, ஆறு, அஞ்சு என்று இறங்க ஆரம்பிப்பார். "இன்னாங்க ஐயா, கொறைச்சிக்கினே போறீங்க?" என்று விவசாயி பதறுவார். "ஏறினா எறங்கணுமேப்பா. ஆரோகணம்னு ஒண்ணு இருந்தா அவரோகணம்னு ஒண்ணு உண்டே!" கடைசியில் மறுபடியும் லாபத்தில் வந்து பாட்டு முடியும்போது மூட்டை காலி. கூட்டம் தரையைத் தட்டிச் சிரிக்கும்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அத்தைக்குத் திண்டிவனத்திலிருந்து வரன் வந்தது. மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஒரே பையன். மேடையில் பாடுகிற பெண் என்றாலே வந்தவர்கள் வந்த வழியே போய்க்கொண்டிருந்த காலம் அது. அத்தைக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. தரகர் ரொம்ப யோசித்து, "பொண்ணு தையல் டீச்சருங்க" என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது உண்மை. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அத்தை ரவிக்கை தைக்கச் சொல்லிக்கொடுத்ததும் உண்மை. அப்பா பொய் சொல்லவில்லை. தரகர் சொன்னதைத் திருத்தாமல் இருந்தார், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்ட கேள்வி, "பொண்ணு பாடுமா?" என்பது. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஒரு பக்திப் பாட்டைப் பாடினாள். ஆனால் பழக்க தோஷம், ரேடியோவில் அதைப் பாடும் பாடகியின் குரலிலேயே பாடிவிட்டாள். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்படியே ரேடியோப் பொட்டி தெறந்தாப்ல இருக்குது" என்றார். நான் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடித்த போண்டாவை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மந்தமான ஆள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் அந்த அம்மாள் அதைச் சொன்னார். "எங்க வூட்டுப் பொம்பளைங்க கடைப் பக்கம்கூட வர மாட்டாங்க. சாமி பாட்டுன்னா வூட்டோட பாடிக்கினு இருக்கட்டும். இப்பல்லாம் மேடையேறி மைக்கைப் புடிச்சிக்கினு ஆடுதுங்களே, அந்த மாதிரி இல்லாம குடும்பமா இருக்குற பொண்ணா பாத்துக்கினு இருந்தோம்." அப்பா கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். மாப்பிள்ளை குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா அத்தையிடம், "புடிக்கலன்னா சொல்லிடும்மா. வேற பாக்கலாம்" என்றார்.

அத்தை ஏதோ ஒரு குரலில் கேலியாகப் பதில் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தன் குரலிலேயே பேசினாள். "எத்தினி வருசத்துக்குண்ணே நீ தபேலாக்காரருக்குப் பின்னாடி ஒக்காந்துக்கினு இருப்பே? சரின்னு சொல்லிடு."

கல்யாணம் திண்டிவனத்தில் என்று முடிவாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். எங்கள் பக்கத்து வழக்கப்படி முகூர்த்தச் செலவு பெண் வீட்டுக்கு, வரவேற்பு மாப்பிள்ளை வீட்டுக்கு. ஆகையால் வரவேற்பில் என்ன நடக்கப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒருநாள் மெல்லிசைக் குழுவை நடத்துகிற மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றார்.

"அண்ணே, பேஜாராயிடுச்சிண்ணே" என்றார். "திண்டிவனத்துல ஒரு வரவேற்புக்குக் கச்சேரி ஒத்துக்கிட்டேன். இப்பத்தான் பாப்பா கல்யாணப் பத்திரிகை கையில வந்துச்சி. அதே மண்டபம். அதே தேதி."

அதாவது, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வரவேற்பில் பாடுவதற்கு மணப்பெண்ணையே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா அவளை முறைத்தாள்.

"அவ ஊர்ல இல்ல, பாட மாட்டான்னு சொல்லிடுங்க" என்றார் அப்பா.

"சொல்லிப் பாத்தேண்ணே. ஒரு தம்பிதான் மண்டியிலேர்ந்து வந்து புக் பண்ணாரு. பலகுரல் அம்மா இல்லன்னா கச்சேரியே வேணாம், மல்லாட்டைப் பாட்டு கண்டிப்பா வேணும்னு ஒரே புடியா நிக்கிறாரு. முடியாதுன்னா ஏன் எதுக்குன்னு ஊரெல்லாம் கேப்பாங்க. எப்பிடியும் வெளிய வந்துரும்."

தாலி ஏறுவதற்கு முந்தின நாள் இந்த விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

வழி கண்டுபிடித்தது அத்தைதான். பாட்டை முன்கூட்டியே கேசட்டில் பதிவு செய்துவிடுவது. மேடையில் மாஸ்டரின் மனைவி நின்று வாயை மட்டும் அசைப்பது. அந்த அம்மாவுக்கும் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கோலம் போடும்போது முணுமுணுத்தால்கூட மாஸ்டர் ஜன்னலைச் சாத்திவிடுவாராம். ஆனால் உடம்பு வாகு அத்தையைப் போலவே இருக்கும். வேறு வழியும் இல்லை.

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு ஜன்னல்களில் கம்பளியும் பாயும் தொங்கவிட்டுப் பதிவு நடந்தது. என்னை மூச்சுவிடாமல் உட்காரச் சொன்னார்கள். அத்தை அன்று பாடியதைப் போல நான் அதற்குமுன் கேட்டதில்லை. மேடையில் பாடும்போது துள்ளுவாள். அன்று கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு குரலாக எடுத்து வைத்தாள். எட்டில் ஆலாபனை செய்தபோது ஸ்டேஷனிலிருந்து ஒரு ரயில் கூவியது. மாஸ்டர் தலையில் கை வைத்தார். அத்தை அந்தக் கூவலோடு சேர்த்தே சுருதியைப் பிடித்து மேலே போனாள். மறுபடி பதிவு செய்யலாமா என்று மாஸ்டர் கேட்டார். "வேணாம் மாஸ்டர். கடைசித் தபா ரயிலும் பாடிட்டுப் போவட்டும்" என்றாள்.

வரவேற்பு அன்று மண்டபம் முழுக்க மண்டிக்காரர்கள். மேடையின் ஒரு பக்கம் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் அத்தையும் மாப்பிள்ளையும். வாழ்த்திப் பேசுகிறவர்களுக்காக அவர்கள் முன்னால் ஒரு மைக். மறுபக்கம் மெல்லிசைக் குழு. நான் அத்தையின் காலடியில், அவள் புடவை மடிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தையின் முகத்துக்கு நேராக ஒரு பெரிய பூச்செண்டு. சாதாரணமாகப் பெண்ணின் மடியில் இருக்கவேண்டியதை ஏன் அவ்வளவு உயரத்தில் பிடித்திருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. வெட்கம் என்று வைத்துக்கொண்டார்கள்.

'பலகுரல் பைங்கிளி' என்று மாஸ்டர் அறிவித்ததும் அவர் மனைவி மைக் முன் வந்து நின்றார். அவர் கும்பிட்டதில் தோளில் கிடந்த துண்டு விழுந்துவிட்டது. கேசட் ஓட ஆரம்பித்தது. முதல் ஜோடிப் பாட்டு நல்லபடியாகப் போனது. ஆண் குரல் வரும்போது அந்த அம்மா தப்பான பக்கம் திரும்பினார். அதுவும் ஒரு தமாஷ் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பிறகு மல்லாட்டைப் பாட்டு. "லாபம்…" என்ற முதல் சொல்லிலேயே மண்டபம் அதிர்ந்தது. மண்டிக்காரர்களுக்குக் கோபம் வரும் என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரும் பக்கத்துக் கடைக்காரரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு மாதிரியாகச் சிரித்தார். எல்லோரும் சிரிப்பதற்கு முன்பே சிரித்தார். எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன, இறங்குகிற வேடிக்கை வரவே இல்லை, அதற்குள் அவர் தோள் குலுங்குகிறது. ஜோக் எங்கே வருகிறது என்றுகூடத் தெரியாத மனிதரை அத்தை கட்டிக்கொள்கிறாளே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

எட்டு வந்தது. ஆலாபனை. விழுப்புரத்து ரயில் திண்டிவனத்தில் கூவியது. அதன் பிறகு கேசட் ஒரு தரம் மாட்டைப்போல் கத்திவிட்டு நின்றுவிட்டது. டேப் சிக்கிக்கொண்டுவிட்டது.

மாஸ்டரின் மனைவி திறந்த வாயை மூடாமல் நின்றார். தபேலாக்காரர் சும்மா ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். அப்பா இருந்த பக்கம் பார்த்தேன். அவர் துண்டை வாயில் வைத்திருந்தார், ஆனால் துடைக்கவில்லை.

அப்போது என் தலைக்கு மேலே, பூச்செண்டுக்குள்ளிருந்து, எட்டு மறுபடியும் எழுந்தது.

அத்தை தலை நிமிரவில்லை. உடம்பில் ஒரு அசைவு இல்லை. குரல் மட்டும் மெதுவாக எழுந்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. பாதியில் ஒரு பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். மாஸ்டரின் மனைவி சட்டென்று சுதாரித்துக்கொண்டு வாயை அசைத்தார். குரல் கடைசி வரிசை வரைக்கும் போகவில்லை. அப்போது மாப்பிள்ளையின் கை நீண்டது. வாழ்த்து மைக்கை, யாரும் கவனிக்காதபடி, ஒரு ஜாண் தூரம் அத்தையின் பக்கம் நகர்த்தி வைத்தது. ஏழு, ஆறு, அஞ்சு என்று வித்வான் இறங்கினார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கடைசி லாபம் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ஆரவாரத்துக்குள் மாப்பிள்ளை குனிந்து அத்தையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "போன வருசம் தீமிதித் திருவிழாவுல பாடினப்ப எட்டை இன்னும் நீட்டினீங்க." பெண்டாட்டியாகப் போகிறவளை நீங்க என்றார்.

அத்தை பூச்செண்டை இறக்கினாள். அவரைத் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். மேடையில்கூட நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ போய்விட்டது. "அப்போ, பொண்ணு பாக்க வந்தன்னிக்கே தெரியுமா?" என்றாள். அவர் தலையசைத்தார். "உங்கம்மா அப்பிடிச் சொன்னப்பகூட?" அவர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது. டேப் சிக்கிக்கொண்டதற்கு இவ்வளவு அழவேண்டுமா, அதுதான் சமாளித்தாகிவிட்டதே என்று நான் அவள் காலைத் தட்டிக்கொடுத்தேன்.

கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஒரு பட்டுத் துண்டோடு மேடையேறி வந்தார். மாஸ்டரின் மனைவிக்கு அதைப் போர்த்தி, இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார். "மேடையில பாடுறவங்கன்னா நான் என்னென்னமோ நெனைச்சிக்கினு இருந்தேன் தாயி. இது சாமி குடுத்த கொரலு. யாரு என்னா சொன்னாலும் பாடுறதை மட்டும் வுட்றாத" என்றார். இரண்டடி தள்ளி அத்தை நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி பேயறைந்தவர் மாதிரி அத்தையையே பார்த்தார். அத்தை கையைத் தட்டினாள். அவளைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்த நேரம் அது. அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாலி கட்டு நடந்தது. மெல்லிசைக் குழுவுக்கு வேறு பெண் குரல் கிடைத்தது. நோட்டீஸில் பைங்கிளி மட்டும் இல்லாமல் போனது.

அரையாண்டு விடுமுறைக்கு என்னைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மாமா நல்லவர். எனக்குத் தின்பதற்கு மண்டியிலிருந்து சட்டைப்பை கொள்ளாமல் வறுத்த மல்லாட்டை கொண்டுவருவார். அவருடைய அம்மா கோயிலுக்குப் போன ஒரு சாயங்காலம், மாமா வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து அத்தையின் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கி ஒரே ஒரு தபா" என்றார். கெஞ்சலாகத்தான் கேட்டார். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "லாபம்…" என்று ஆரம்பித்தாள். அடுத்த தெருவில் கேட்காத அளவுக்குச் சின்னக் குரல். ஆனால் வித்வான் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார். ரெண்டு, மூணு என்று ஏற ஏற மாமா வழக்கம்போல முன்னாடியே குலுங்க ஆரம்பித்தார். எட்டு வந்தது. அத்தை அதை நீட்டினாள். தீமிதியில் நீட்டியதைவிடவும் நீட்டியிருப்பாள். பிறகு நிறுத்திவிட்டு அரிசியைப் புடைத்தாள்.

"அப்பறம்?" என்றார் மாமா, சிரிப்போடு.

"மீதிதான் உங்களுக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள் அத்தை.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தைக்கு மீதி மறந்துபோய்விட்டது, இத்தனை நாளாகப் பாடாமல் இருந்தால் யாருக்குத்தான் மறக்காது என்று நினைத்தேன். எனக்கு முழுப் பாட்டும் மனப்பாடம். அவளைக் காப்பாற்றும் எண்ணத்தோடு எழுந்து நின்று, ஏழு, ஆறு, அஞ்சு என்று கையை ஆட்டிக்கொண்டு இறங்கி, விவசாயியாகப் பதறி, வித்வானாக அதட்டி, லாபத்தில் கொண்டுவந்து முடித்தேன்.

இருவருமே சிரிக்கவில்லை. மாமா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் சரியாகப் பாடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.